நான்காம் பாடம், நாற்பது நிமிடம்

பத்து இருபதுக்குச் சகாயராணி கைபேசியைக் கையில் எடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். இனி பதினோரு மணி வரை திறக்கக் கூடாது, இது நானே எழுதிய விதி, திட்ட அறிக்கையில் ஒன்பதாம் பக்கம், சோதனை நடக்கும்போது பார்வையாளர் உதவவோ விளக்கவோ முகம் சுளிக்கவோ கூடாது என்று இருக்கும், முகம் சுளிக்கவோ என்பதை மட்டும் ஷாநவாஸ் சேர்க்கச் சொன்னான், ‘அக்கா, உங்க மூஞ்சியப் பாத்தாலே விடை தெரிஞ்சிரும்’ என்று. வீடியோக்களை எடுத்து வெட்டி ஒட்டுகிறவன் அவன், இப்போது அறையின் மூலையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி சகாயராணியின் கைகளை மட்டும் படம் பிடித்துக்கொண்டிருக்கிறான். நான் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் குறிப்புத் தாள், உதட்டில் யாருக்கும் எதையும் சொல்லாத ஒரு புன்னகை. ராமநாதபுரம் கடற்கரையோரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், பினாயில் வாசனை, ஜன்னல் வழியே வரும் உப்புக் காற்றில் அதற்கும் அடியில் கருவாட்டு வாசனை, தலைக்கு மேல் கட கடவென்று ஆடியபடி சுற்றும் மின்விசிறி, மேஜையில் ஒரு ரப்பர் குழந்தை, பக்கத்தில் ஆம்பு பேக், அதாவது முகமூடி பொருத்திய காற்றுப் பை, அழாமல் பிறக்கிற குழந்தைக்கு மூச்சூட்டுவது. சகாயராணிக்கு நாற்பத்தாறு வயது, இங்கே பிரசவ அறையில் பதினெட்டு வருஷமாக நர்ஸ். எனக்கு முப்பத்தொன்பது, பெயர் உமையாள், இணையவழிப் பாடங்களைத் திட்டமிட்டு உருவாக்கித் தருவது வேலை, அதில் நான் கெட்டிக்காரி, இதைச் சொல்லிக்கொள்ள வெட்கம் இல்லை, பதினோரு பாடத்திட்டங்கள் முடித்திருக்கிறேன், பதினொன்றும் சொன்ன தேதிக்கு. இது பன்னிரண்டாவது. ‘முதல் மூச்சு’ என்று பெயர், ஆறு பாடங்கள், ஆயிரத்து இருநூறு நர்ஸ்கள், ஒன்பது நாள் கழித்து வருகிற திங்கட்கிழமை திறக்கிறோம். முதல் மூன்று பாடங்களும் கடைசி இரண்டும் சோதனையில் தேறிவிட்டன. இன்று நான்காவது. மூச்சூட்டும் பாடம், மற்ற ஐந்தும் இதற்காகத்தான்.

சகாயராணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், திரும்ப இறக்கினார், பாடத்தின் பெயரை வாய்க்குள் படித்தார், பச்சைப் பொத்தானை அழுத்தினார். நல்லது, பொத்தானைத் தேடவில்லை, முதல் பாடத்தில் அது சாம்பல் நிறத்தில் இருந்து ஐந்து பேரில் மூன்று பேர் தேடினார்கள், பச்சையாக்கச் சொன்னேன், ஆக்கினார்கள், இப்போது யாரும் தேடுவதில்லை, குறிப்புத் தாளில் ஒரு டிக். திட்டமிடுவது என்றால் எல்லோரும் முதலாம் நாளிலிருந்து தொடங்குகிறார்கள், நான் கடைசி நாளிலிருந்து தொடங்குவேன், இந்த நர்ஸ் கடைசியில் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அதை எப்படிக் கண்ணால் பார்ப்பது, அதற்கு என்ன பயிற்சி, அந்தப் பயிற்சிக்கு என்ன பாடம், பாடத்துக்கு யார், என்றைக்கு, இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் பாதி வேலை தானாக உதிர்ந்துவிடும். அலுவலகச் சுவரில் பதினான்கு வாரங்களும் வண்ணத் தாள்களாக ஒட்டியிருக்கின்றன, மஞ்சள் எழுத்துப்படி, நீலம் படப்பிடிப்பு, இளஞ்சிவப்பு சோதனை, அதில் யாருக்கும் தெரியாத எட்டு நாட்கள் இருக்கின்றன, ‘கோப்புகளை ஒழுங்குபடுத்தல்’ என்ற பெயரில் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறேன், கோப்புகளை ஒழுங்குபடுத்த எட்டு நாள் எதற்கு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒவ்வொரு திட்டத்திலும் இப்படி ஒளிப்பேன், பெரும்பாலும் தொடாமலே முடிப்பேன். இதையும் தொடாமல் முடித்துவிடலாம் என்றுதான் காலையில் பேருந்தில் வரும்போது நினைத்தேன், உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன, ஷாநவாஸ் கேமராப் பையைக் கட்டிக்கொண்டு தூங்கினான், எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்கிற அந்த இதமான நினைப்பு, வயிற்றில் சூடான இட்லி போல. அப்புறம் அந்தப் பதினெட்டு நிமிடம் ஞாபகம் வந்தது.

அது இப்போதுதான் தொடங்குகிறது. திரையில் டாக்டர் அருள்பிரகாசம், நீலச் சட்டை, பின்னால் புத்தக அலமாரி. முப்பது வருஷம் பச்சிளம் குழந்தைகளைப் பார்த்தவர், பாடத்தின் மருத்துவப் பொறுப்பு முழுக்க அவருடையது. என் திட்டத்தில் எந்த வீடியோவும் ஆறு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அவர் ஐம்பத்திரண்டு நிமிடம் பேசிக் கொடுத்தார். “பிசியாலஜி தெரியாம எப்படிம்மா பண்ணுவாங்க? நுரையீரல்ல தண்ணி எப்படி வத்துதுன்னு தெரிய வேண்டாமா?” என்றார். நான் இருபத்தைந்து என்றேன், பன்னிரண்டு என்றேன், ஷாநவாஸை விட்டுக் கெஞ்சச் சொன்னேன், கடைசியில் பதினெட்டில் வந்து நின்றது. “அதுக்குக் கீழ போறதுன்னா என் பேரை எடுத்துடுங்க” என்றார், நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? அவர் பெயர் இல்லாவிட்டால் ஒப்புதல் குழுவில் கோப்பு நகராது, உண்மை, ஆனால் அது மட்டும் இல்லை, அன்றைக்கு வெள்ளிக்கிழமை, எனக்குக் களைப்பாக இருந்தது, சுவரில் அந்த நீலத் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்றிருந்தது. திரையில் டாக்டர் நுரையீரலை வரைகிறார், அழகாக வரைகிறார். மூன்றாவது நிமிடம். நான்காவது நிமிடம். சகாயராணி கைபேசியை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார். மேஜைக்கு அடியிலிருந்து பஞ்சுத் துணிப் பொட்டலத்தை எடுத்தார். துணியைச் சதுரம் சதுரமாக மடித்து அடுக்கத் தொடங்கினார். டாக்டர் பேசுகிறார், இவர் மடிக்கிறார், இடையிடையே மரியாதைக்கு ஒருமுறை திரையைப் பார்க்கிறார், வீட்டில் டிவி ஓட அவரைக்காய் நறுக்குவதைப் போல. வெளியே யாரோ கூப்பிட்டார்கள், “இந்தா வாரேன், பரீட்சையில இருக்கேன்!” என்று குரல் கொடுத்தார். பரீட்சை. நான் பரீட்சை என்று சொல்லவே இல்லை, இது உங்களுக்குப் பரீட்சை இல்லை சிஸ்டர், பாடத்துக்குத்தான் பரீட்சை என்று காலையில் இரண்டு தடவை சொன்னேன். என் புன்னகை அப்படியே இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்தப் பதினெட்டு நிமிடமும் கணக்கில் ஏறும், முழுமையாகப் பார்த்தார் என்று எங்கள் திரையில் பச்சைக் கோடு நிறையும், நூற்றுக்கு நூறு.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அது பஞ்சாலை. அந்த எண்ணை நினைக்காமல் இருக்கவே பார்க்கிறேன், ஆனால் துணி மடிகிற சத்தம் கேட்கக் கேட்க அதுவே வருகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பஞ்சாலைக்குத் தீத்தடுப்புப் பாடம் செய்து கொடுத்தோம், அறுநூற்று நாற்பது தொழிலாளர்கள், தொண்ணூற்றாறு சதவீதம் பேர் முடித்தார்கள், எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நாலு மாதம் கழித்து அந்த ஆலையின் சூப்பர்வைசர் வேறு எதற்கோ போன் பண்ணினவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், கழிவுப் பஞ்சில் தீப்பிடித்ததாம், ஒருவர் ஓடிப்போய்த் தீயணைப்பானைத் தூக்கி அழுத்தினாராம், ஒன்றும் வரவில்லையாம், திரும்பத் திரும்ப அழுத்தினாராம், பிடியைப் பூட்டியிருக்கும் அந்தப் பின்னை இழுக்கவே இல்லையாம், வேறு ஆட்கள் மணலைக் கொட்டி அணைத்தார்கள், யாருக்கும் ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அந்த ஆளின் விடைத்தாளைத் தேடி எடுத்தேன், முதலில் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்விக்குப் பின்னை இழுப்பது என்று சரியாகவே தேர்ந்தெடுத்திருந்தார், பத்துக்குப் பத்து. என் படத்தில் பின் சிவப்பு அம்புக்குறியோடு பளிச்சென்று இருந்தது. ஆலையில் இருந்த உருளையில் பின்னைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் முத்திரை, அதை உடைத்தால்தான் பின் வரும், அதை அவர் அதற்கு முன் தொட்டதே இல்லை. நானும் தொட்டதில்லை. அதற்குப் பிறகுதான் இந்தப் பாடத்தில் பொம்மை இல்லாமல் நான்காம் பாடம் கிடையாது என்று நின்றேன், எல்லா நிலையத்துக்கும் ரப்பர் குழந்தை போகவேண்டும், போகாவிட்டால் நான் விலகுகிறேன் என்று ஒப்புதல் குழுவிடம் சொன்னேன், உண்மையாகவே எழுந்து கதவு வரை போனேன், கொடுத்தார்கள். அது நல்ல வேலை. அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. அதனால்தான் இந்த அறையில் இப்போது பயம் இருந்தாலும் நாற்காலியை விட்டு எழவில்லை, பார்ப்போம், கைகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம், அதற்குத்தானே வந்திருக்கிறேன்.

டாக்டர் வணக்கம் சொல்லி முடித்தார். சகாயராணி துணி அடுக்கைத் தள்ளி வைத்து, கைகழுவி, பொம்மையை இழுத்துக்கொண்டார். திரையில் வரிசையாக என் வாக்கியங்கள். குழந்தையைச் சமதளத்தில் படுக்க வைக்கவும். வைத்தார். கழுத்து நடுநிலையில் இருக்குமாறு வைக்கவும். அதில் நின்றார். நடுநிலை என்று உதடு அசைந்தது. அந்த வாக்கியம் என்னுடையது, டாக்டருடையது இல்லை. அவர் எழுதிக் கொடுத்ததில், குழந்தை பூவை மோந்து பார்க்கிற மாதிரி தலையை வைக்கணும் என்று இருந்தது, பாடத்தில் பூவா, மோந்து பார்ப்பதா, நான் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு நடுநிலை என்று எழுதினேன், ஒரே சொல், சுத்தமான சொல், எழுதின அன்று மத்தியானம் முழுக்க அந்தச் சொல்லை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. சகாயராணி பொம்மையின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, இடப்பக்கமும் இல்லாமல் வலப்பக்கமும் இல்லாமல், நேராக, மட்டமாக, மேஜையோடு மேஜையாக வைத்தார். நடுநிலை. வேறு என்ன பொருள் அதற்கு? பச்சைக் குழந்தைக்குப் பின்மண்டை பெரிது, மட்டமாகப் படுக்க வைத்தால் தலை முன்னால் மடங்கும், மோவாய் நெஞ்சை நோக்கி இறங்கும், மூச்சுக்குழாய் அடைபடும், இதெல்லாம் எனக்கு இப்போது ஒரே நொடியில் தெரிகிறது, ஐம்பத்திரண்டு நிமிடத்தையும் வெட்டுவதற்காக நான் ஏழு தடவை கேட்டிருக்கிறேன். அவர் முகமூடியைப் பொருத்தினார், விரல்கள் அழகாக உட்கார்ந்தன, பையை அழுத்தினார். நெஞ்சு எழும்பவில்லை. இன்னொரு முறை. எழும்பவில்லை. முகமூடியைச் சரி பார்த்தார், அதில் குறை இல்லை, மறுபடி அழுத்தினார், பை காற்றை வெளியே தள்ளுகிற அந்தச் சத்தம், புஸ், புஸ், ரப்பர் நெஞ்சு தட்டையாகக் கிடந்தது, நான் பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், எழுந்து போய் அந்த மோவாயை ஒரு விரலால் தூக்கிவிட்டால் போதும், ஒரு விரல், ஒன்பதாம் பக்கம், பார்வையாளர் உதவவோ, திரையில் திரும்ப அதே வாக்கியம் வந்து நிற்கிறது, சந்தேகம் வந்தால் கழுத்து நடுநிலையில் உள்ளதா எனச் சரிபார்க்கவும், அவர் சரிபார்க்கிறார், நடுவில்தான் இருக்கிறது, என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து, பதினெட்டு வருஷத்துக் கைகள், ஆயிரத்து இருநூறு நர்ஸ்கள், ஆயிரத்து இருநூறு மேஜைகள், எல்லாவற்றிலும் மட்டமாக ஒரு தலை.

சகாயராணி பையைக் கீழே வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா? பரீட்சைக்குச் செய்யவா, பிள்ளைக்குச் செய்யவா?”

ஷாநவாஸ் கேமராவிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தான். கடிகாரத்தில் பத்து ஐம்பத்தொன்று, இன்னும் ஒன்பது நிமிடம். இது நான் எழுதிய விதி, நானே எழுதியது என்பதால் அது எதற்காக என்பதும் எனக்குத்தான் தெரியும்.

“பிள்ளைக்கு, சிஸ்டர்” என்றேன்.

அவர் அடுக்கிலிருந்து ஒரு துணியை எடுத்து, இரண்டு மடி, மூன்று மடி, பொம்மையின் தோளுக்கு அடியில் செருகினார். தலை தானாகக் கொஞ்சம் பின்னால் போய் மோவாய் மேலே வந்தது, ஒரு பூவை மோந்து பார்க்கிற மாதிரியே. முகமூடி. பை. நெஞ்சு எழும்பியது. இறங்கியது. எழும்பியது. “ஊது, ரெண்டு, மூணு, ஊது, ரெண்டு, மூணு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒரு நிமிடம் முழுக்க ஊதினார். பிறகு நிமிர்ந்தார். “அந்த டாக்டரு துணியப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே மேடம். மட்டமா வையின்னு எழுதியிருக்கு. எழுதியிருக்கத மீறுனா மார்க்கு போயிருமோன்னு பாத்தேன்.” நான் சொன்னேன், “அத எழுதினது டாக்டர் இல்ல, நான்தான்.” அவர் கொஞ்சம் சங்கடப்பட்டு, “பரவால்ல மேடம், நீங்க பிரசவம் பாத்தவுகளா என்ன” என்றார். அதைக் கேட்டு எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, மாறாக மனசுக்குள் வண்ணத் தாள்கள் இடம் மாறத் தொடங்கிவிட்டன, நான்காம் பாடத்தின் வீடியோ போகிறது, அங்கே புது வீடியோ, ஆறு நிமிடம், இந்தக் கைகள், இந்த மேஜை, படப்பிடிப்பு இன்றைக்கே, கேமரா இங்கேதான் இருக்கிறது, வெட்டி ஒட்ட இரண்டு நாள், டாக்டர் சரிபார்க்க ஒரு நாள், இன்னும் இரண்டு நர்ஸ்களிடம் திரும்பச் சோதனை, அதற்கு மூன்று நாள், கோப்புகளை ஒழுங்குபடுத்தல் எட்டு நாள் இருக்கிறது, திங்கட்கிழமை திங்கட்கிழமையாகவே இருக்கும். சால்வை போர்த்தின அன்றைக்குக்கூட என் மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்ததில்லை.

“சிஸ்டர், இதையே கேமராவப் பாத்து ஒருதடவை செஞ்சு காட்டுவீங்களா? பாடத்துல போடறதுக்கு. மத்த நர்ஸ்களுக்கு நீங்கதான் சொல்லித் தரணும்” என்றேன். “நானா? கை மட்டுந்தான வரும்?” “உங்க இஷ்டம். கை மட்டும் போதும்னா கை மட்டும்.” சகாயராணி யோசித்தார். “முகமும் வரட்டும்” என்றார். “பத்து நிமிசம் குடுங்க, தொவச்ச யூனிபார்ம் ஒண்ணு இருக்கு.”

அந்தப் பத்து நிமிடத்தில் வராந்தாவுக்கு வந்து டாக்டர் அருள்பிரகாசத்துக்குப் போன் செய்தேன். பிரசவ நாளுக்குக் காத்திருக்கும் இரண்டு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்கள், ஒருத்தி எனக்கு இடம்விட்டு நகர்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. டாக்டர், உங்க பேச்சை நான்காம் பாடத்திலிருந்து எடுத்து, கடைசியில் விரும்பினவர்கள் பார்க்கிற இடத்தில் வைக்கப் போகிறேன், இங்கே ஒரு நர்ஸ் செய்து காட்டுவதைப் போடப் போகிறேன், நீங்கள் எழுதின மோந்து பார்க்கிற வாக்கியத்தை நான் அடித்தது தப்பு, அது திரும்ப வருகிறது, நீங்கள்தான் சரி. “நர்ஸே சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு?” என்றார் அவர். கோபம்தான், ஆனால் அதற்குள் ஒரு வயதானவரின் பயமும் இருந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை, அந்த வெள்ளிக்கிழமை பதினெட்டு நிமிடத்துக்கு அவர் சண்டை போட்டதும் இதனால்தானோ. “அவங்க செய்யறது சரியான்னு சொல்றதுக்கு டாக்டர். அது எனக்குத் தெரியாது, ஷாநவாஸுக்குத் தெரியாது. தப்பா ஒண்ணு போச்சுன்னா ஆயிரத்து இருநூறு இடத்துக்குப் போகும். ரெண்டு நிமிஷ வீடியோ இப்ப அனுப்பறேன். சரியில்லைன்னா சொல்லுங்க, போட மாட்டேன்.” சோதனையில் எடுத்ததை ஷாநவாஸ் அறையிலிருந்தே அவருக்கு அனுப்பினான். நான் வராந்தாவில் நடந்தேன், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி, பேர் எடுத்துடுங்க என்று சொல்லிவிட்டால், சொன்னால் வேறு டாக்டரிடம் போக வேண்டும், குழுவைக் கூட்ட வேண்டும், எட்டு நாள் போதாது, திங்கட்கிழமை தள்ளிப் போகும், போகட்டும், பதினொன்று சொன்ன தேதிக்கு முடிந்தது, பன்னிரண்டாவது முடியாமல் போகட்டும், அந்தத் தலை மட்டமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இப்படி நினைத்ததும் ஆச்சரியமாக இருந்தது, தேதி தவறினாலும் நான் நானாகவே இருப்பேன் என்பது எனக்கு இதற்கு முன் தெரியாது.

போன் அடித்தது. “பார்த்தேன். மூணு தடவை பார்த்தேன்” என்றார் டாக்டர். குரல் மாறியிருந்தது, வார்டில் பேசுகிற குரல், கணக்காக, உயிரோடு. “கை நல்ல கை. என்னுதை எடுத்துடுங்க, பரவாயில்லை, பேர் இருக்கட்டும். ஆனா உமையாள், அந்தத் துணி எவ்வளவு கனத்துக்கு மடிச்சாங்கன்னு வீடியோவுல தெரியலை. கனம் கூடிப்போச்சுன்னா கழுத்து ரொம்பப் பின்னாடி போய் மறுபடி அடைச்சுக்கும். அதை அவங்க வாயால சொல்லணும். கேளுங்க, நான் லைன்ல இருக்கேன்.”

உள்ளே போனேன். சகாயராணி இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை யூனிபார்மில், தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரி, மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு, “சிஸ்டர், டாக்டர் கேக்கறாங்க, துணி எவ்வளவு கனம்?” என்றேன். அவர் மடித்த துணியை மேஜையில் வைத்து, பக்கத்தில் இரண்டு விரலை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்துக் காட்டினார். “இந்தா, ரெண்டு விரல் கனம். இதுக்கு மேல போனா தல தொங்கிரும், கொறஞ்சா ஒண்ணும் பிரயோசனமில்ல.”

போனில் டாக்டர், “கரெக்ட் சிஸ்டர், அதேதான்” என்றார்.

ஷாநவாஸ் கேமராவைத் தொட்டு விரலை உயர்த்தினான். சகாயராணி தொண்டையைச் செருமிக்கொண்டார், கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் கேமராவைப் பார்த்தபோது அவர் முகத்திலிருந்து பரீட்சை போய்விட்டிருந்தது.

“பயப்படாத தங்கச்சி” என்று தொடங்கினார். “மொதல்ல ஒரு துணிய எடு.”